கேரவனுக்கு சோபா வாங்கியாச்சு, ஃப்யூஸ் எங்கே?

1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் பீரங்கிக் குண்டு பட்டு பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்தது. எண்பது பேர் வரை செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள், மற்றவர்கள் அந்தப் பக்கத்தை விட்டு ஓடினார்கள். அதோடு லாலியின் கதை முடிந்த மாதிரிதான். வந்து விழுந்த குண்டு செய்ததைவிட, கூடவே இழுத்துக்கொண்டு வந்த சரக்கு செய்த சேதம் அதிகம்!

சக்தியை வண்டியில் சேர்த்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டெம்போ டிராவலரையோ பழைய ஆம்னியையோ வாங்கி, சீட்டைக் கழற்றி, படுக்கையும் ஃப்ரிட்ஜும் வைத்து "கேரவன்" ஆக்குகிற ஆசை இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஆசையில் தப்பில்லை. செலவுக் கணக்கைப் பாருங்கள். முதலில் சோபா துணி, அப்புறம் கலர் மாறுகிற எல்.இ.டி. பட்டை, டி.வி., ஸ்பீக்கர். ஃப்யூஸ் பெட்டிக்கு வரும்போது பை காலி. அந்த வேலையையும் வீடு கட்டும்போது ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனிடம் "அண்ணே, நீங்களே பாத்து போட்டுடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். அவர் நல்ல மனுஷர்தான். வீட்டுக்குப் போடுவதையே வண்டிக்கும் போடுவார்: இரண்டரை ஸ்கொயர் ஒயர், ஒரு பிளாஸ்டிக் டி.பி., நாலு எம்.சி.பி.

வண்டி வீடு இல்லை. வீட்டில் 2000 வாட் இஸ்திரிப்பெட்டி இழுப்பது 9 ஆம்பியருக்குள். அதே 2000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால் 167 ஆம்பியர், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 180ஐத் தாண்டும். இருபது மடங்கு! அந்த இரண்டரை ஸ்கொயர் ஒயரில் 5 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் எடுத்தாலே, போய் வரும் வழியில் முக்கால் வோல்ட் காணாமல் போகும். 230 வோல்ட்டில் அது தூசு. 12 வோல்ட்டில் நூற்றுக்கு ஆறு. பிறகு "ஃப்ரிட்ஜ் அடிக்கடி நிக்குது, கம்பெனி சரியில்ல" என்று புலம்பல்.

எம்.சி.பி. சமாச்சாரம் இன்னும் மோசம். வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது, அந்த இடத்தில் தீப்பொறி தானாக அணையும். டி.சி.யில் (பள்ளிக்கூடத்தில் கிழித்துக் கொடுப்பது இல்லை, இது வேற டி.சி.!) அந்த இடைவெளியே கிடையாது. எம்.சி.பி.யின் மேல் டி.சி. வோல்ட்டும், எத்தனை ஆம்பியர் வரை துண்டிக்கும் என்பதும் அச்சடித்திருந்தால் தாராளமாகப் போடலாம், சில கம்பெனிகள் அச்சடிக்கின்றன. இல்லாவிட்டால் அது வண்டியில் வெறும் சுவிட்ச்தான்.

ஃப்யூஸ் என்பது டி.வி.யைக் காப்பாற்றத்தான் என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அது காப்பாற்ற வேண்டியது ஒயரை. முதலில் ஒயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதற்கு உட்பட்டு ஃப்யூஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. அமெரிக்காவில் படகுகளுக்கு ஏ.பி.ஒய்.சி. வகுத்த விதியில் பொதுவான கணக்கு 7 அங்குலம். நம்மூர் வண்டிகளில் ஃப்யூஸ் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும், பேட்டரி பின்கதவு ஓரம் இருக்கும், நடுவில் உள்ள முழு நீளமும் பாதுகாப்பே இல்லாமல் பலகைக்கு அடியில் உரசிக்கொண்டு கிடக்கும்.

லித்தியம் பேட்டரி என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். கார்களில் வரும் 32 வோல்ட் மெகா ஃப்யூஸ் துண்டிக்கக் கூடியது 2,000 ஆம்பியர் வரை. கிளாஸ் டி ஃப்யூஸ் 20,000 வரை. விலை அதிகம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். டி.வி.யை ஒரு சைஸ் குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும். பெரிய இன்வெர்ட்டர்தான் வேண்டுமென்றால் 24 வோல்ட்டுக்குப் போங்கள், ஆம்பியர் பாதியாகும்.

230 வோல்ட் பக்கம் ஆர்.சி.சி.பி. போட்டதும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரல் வண்டியின் பாடியோடு இணையாமல் இருந்தால், ஷாக் அடிக்கும்போது அது விழாமல் போகலாம். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் சமர்த்தாக விழும்! இணைக்கலாமா கூடாதா என்பதை அந்தந்த இன்வெர்ட்டர் புத்தகத்தில் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

"இத்தனை வருஷமா மைக் செட் வண்டி ஓடலையா, என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். மைக் செட் வண்டிக்குள் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தை குட்டியோடு தூங்குவதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் போன படுக்கை பஸ் எரிந்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த பஸ் ஏ.சி. வண்டியாக மாற்றிக் கட்டப்பட்டது. ஏ.சி. ஒயரிங்கில் ஷார்ட் சர்க்யூட் என்பதுதான் முதலில் எழுந்த சந்தேகம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் எஃப்.சி.க்குப் போகும்போது சோபாவைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டுப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

வந்தவாசியில் பாய்த்தறி ஓட்டுகிறவரிடம் போய், மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வேண்டாம், நேராகக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள், துரத்தி அடிப்பார். அவரே தன் வண்டிக்கு வரும்போது, ஃப்யூஸ் போனால் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சொருகிவிட்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறார். வண்டியில் ஏழு பேர். பேட்டரி இருப்பது படுக்கைக்கு அடியில், மெயின் சுவிட்ச் இருப்பது அதற்கும் பின்னால்.