வண்டியில் வந்த விதை வெங்காயம்

கேள்வி: நடவுக்காக வெளியூரிலிருந்து சின்ன வெங்காயம் வாங்கி வந்தோம். பார்த்து வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாளே மூட்டைக்குள் அழுகல் வாடை அடிக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

இதே கேள்வியை மணப்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவரும் கேட்டார். கேள்வியாகக் கேட்கவில்லை, விற்றவரிடம் சண்டையாகவே கேட்டார். அவருக்கு நடந்ததைச் சொன்னால் பதில் பாதி கிடைத்துவிடும்.

கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் செம்மண் நிலம் அவருடையது. வைகாசி கடைசியில் நடவு வைத்திருந்தார். நடவுக்குப் பத்துப் பெண் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டியிருந்தார். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பகுதியில் ஒரு பட்டறைக்காரரிடம் கிலோ 60 ரூபாய் என்று பேசி முடித்தார். மாசியில் அறுவடை செய்து, பட்டறையில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்த சரக்கு. அதில் ஒரு குறையும் இல்லை.

மைத்துனர் கூட வருவதாக இருந்தது. முதல்நாள் இரவு அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. "போறதும் வர்றதும்தானே, நான் ஒருத்தனே பாத்துக்கிறேன்" என்று விடியற்காலை நாலரைக்குத் தன் சின்ன லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திருச்சி தாண்டி நெடுஞ்சாலையிலேயே போனதால் ஏழரை மணிக்கெல்லாம் பட்டறை வாசலில் நின்றார்.

அங்கே சரக்கு தயாராக இல்லை. ஊரில் ஒரு சாவு. வெங்காயம் சலித்துக் கட்ட வேண்டிய ஆட்கள் எல்லாம் அங்கே போயிருந்தார்கள். "ஒம்பதரைக்கு வந்துருவாங்கண்ணே, ஒரு டீயைக் குடிச்சுட்டு இருங்க" என்றார் பட்டறைக்காரர். ஆட்கள் வந்து, தாள் கிள்ளி, பொடிக்காய் சலித்து முடிய மதியம் ஆகிவிட்டது. அதற்குள் வலைச்சாக்கும் தீர்ந்துபோனது. கழுவிக் காயவைத்த உரச்சாக்கு இருந்தது. அதில் ஐம்பது கிலோ வீதம் 12 மூட்டை பிடித்துத் தைத்தார்கள். காலையிலிருந்து காத்திருந்த சலிப்பில் அவர் எந்தச் சாக்கு என்றும் கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு வண்டி கிளம்பும்போது மேற்கே கருக்கல் கட்டியிருந்தது. விதை நனையக்கூடாது என்று தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துப் போட்டுக் கயிறு வைத்து இறுக்கினார். அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார். கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது.

வந்த வழியிலேயே திரும்பியிருக்கலாம். சுங்கச்சாவடிக் கட்டணம் மிச்சம், திருச்சி நெரிசலும் இல்லை என்று துறையூர், முசிறி, குளித்தலை வழியாக மணப்பாறைக்குப் போக முடிவு செய்தார். செல்போன் வரைபடம் துறையூருக்குக் கிராமங்களுக்குள் ஒரு குறுக்குவழியைக் காட்டியது. ஆறேழு கிலோமீட்டர் போனதும், ஓடையின் குறுக்கே இருந்த தரைப்பாலத்தை உடைத்துப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு பலகையும் இல்லை. எதிர்க்கரையில் டிராக்டரோடு நின்றவர், "அண்ணே, இங்கிட்டு வழி கெடையாது. வந்த வழியே திரும்பிப் போங்க" என்று கத்தினார். இரண்டு பக்கமும் வயல். வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னால் சைகை காட்ட ஆளும் இல்லை. இறங்கிப் பார்ப்பதும் ஏறி ஓட்டுவதுமாக அரைக் கிலோமீட்டர் பின்னுக்கே வந்தார்.

அதற்குள் மழை பிடித்தது. இருபது நிமிடம்தான். மழை விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது. ரோடு முழுக்க ஆவி எழும்பியது. தார்ப்பாய்க்குள்ளும் அதேதான் நடந்துகொண்டிருந்தது, அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான்கு மணிக்குப் பின்சக்கரம் பஞ்சர். ஜாக்கியை வைத்தால் ஈரமண்ணில் புதைகிறது. பலகைத் துண்டு ஒன்றும் வண்டியில் இல்லை. பாரத்தைக் குறைக்க ஒரு ஓரத்துத் தார்ப்பாயை மட்டும் அவிழ்த்து ஆறு மூட்டையைத் தனியாளாக இறக்கினார். பக்கத்தில் கிடந்த கல்லை அடியில் கொடுத்து ஒருவழியாகத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. கடைசியாக எப்போது காற்று பார்த்தார் என்று அவருக்கே நினைவில்லை. செல்போனில் சார்ஜும் தீர்ந்திருந்தது.

36,000 ரூபாய்ச் சரக்கை நடுவழியில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பால் கேன் கட்டிய பைக்கில் வந்த ஒரு பெரியவர் நிறுத்தினார். "சக்கரத்தைத் தா தம்பி, நான் போய்க் காத்தடிச்சுட்டு வர்றேன். நீ லோடைப் பாத்துக்க" என்று ஸ்டெப்னியை வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். சொன்னபடி திரும்பியும் வந்தார். காற்றடித்த காசுக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைய நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

சக்கரம் மாட்டிய பிறகு மூட்டைகளை ஏற்ற வேண்டும். நான்கு மூட்டை ஏற்றினார். ஐந்தாவதைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. மீதி இரண்டையும் வண்டித்தட்டு உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு போய், முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒன்றையும் கால் வைக்கும் இடத்தில் ஒன்றையும் திணித்தார். ஓரத்துத் தார்ப்பாயை மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பும்போது மணி ஆறரை. முசிறியில் காவிரிப் பாலம் ஏறும்போது நன்றாக இருட்டிவிட்டது. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது இரவு பத்தரை.

மனைவி லாந்தரோடு வந்து, "மூட்டையைப் பிரிச்சுக் கொட்டிடலாமாங்க? நாலு ஆளைக் கூப்பிடுறேன்" என்று கேட்டார். "இனி என்னால முடியாது, காலையில பாத்துக்கலாம்" என்று சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

விடிந்ததும் தார்ப்பாயை விலக்கினால் சோற்றுப்பானையைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. நடு மூட்டைக்குள் கையை விட்டால் கை சுட்டது. வெளித்தோல் கொழகொழவென்று வழுக்கியது. நாற்றம் தாங்கவில்லை. நடவுக்கு வந்த பத்துப் பேரும் வரப்பில் நிற்கிறார்கள். செல்போனை எடுத்துப் பட்டறைக்காரரைப் பிடித்தார். "அழுகின சரக்கை என் தலையில கட்டிட்டீங்களே, பொண்டாட்டி நகையை வச்சு வாங்கினதுய்யா" என்று கத்தினார். எதிர்முனையில் சொன்ன பதிலைக் கேட்கப் பொறுமையின்றி வைத்துவிட்டார்.

அப்போதுதான் மனைவி முன்பக்கக் கதவைத் திறந்து அந்த இரண்டு மூட்டைகளைப் பிரித்தார். ஒரு வெங்காயத்தில்கூட ஈரமில்லை. சலசலவென்று சத்தம் கேட்க, காய்ந்த தோலோடு கொட்டியது. ஒரே பட்டறை, ஒரே சலிப்பு, ஒரே உரச்சாக்கு. அந்த இரண்டு மூட்டையும் மாலையிலிருந்து திறந்த சன்னல் காற்றில் வந்தவை. மற்ற பத்தும் மதியம் ஒன்றரையிலிருந்து மறுநாள் காலை வரை பதினாறு மணி நேரம் தார்ப்பாய்க்குள் கிடந்தவை. அவர் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடவு ஆட்கள் அன்று முழுக்க வெங்காயம் பொறுக்கினார்கள். கூலி நடவுக் கூலிதான். 140 கிலோ குழிக்குப் போனது. 8,400 ரூபாய். மீதியை நிழலில் உலர்த்தி, மூன்று நாள் கழித்து முக்கால் ஏக்கருக்கு மட்டும் நட்டார். கால் ஏக்கரில் உளுந்து விதைத்தார்.

அன்று மாலையே பட்டறைக்காரருக்கு மறுபடி போன் செய்தார். "காலையில வாய் தவறிப் பேசிட்டேண்ணே, தப்பு என் பேர்லதான்" என்றார். "முழுக்க உங்க தப்புன்னு சொல்லாதீங்கண்ணே. உரச்சாக்குல கட்டினது நான்தானே. அடுத்த தடவை வலைச்சாக்கு இல்லாம மூட்டை பிடிக்க மாட்டேன்" என்றார் அவர். நகை போனாலும் நல்ல விதை கிடைக்கும் ஓர் இடம் கையைவிட்டுப் போகாமல் தப்பியது.

ஏன் இப்படி ஆனது?

வெங்காயம் உயிருள்ள பொருள். அறுவடைக்குப் பிறகும் அது மூச்சு விடுகிறது. அந்த மூச்சில் வெப்பமும் ஈரமும் வெளியேறுகின்றன. பட்டறையில் அடியிலும் பக்கத்திலும் காற்று புகுவதால் அவை போய்விடுகின்றன. உரச்சாக்கில் திணித்துத் தார்ப்பாயால் மூடினால் அவை வெளியே போக வழியில்லை. சூடும் ஈரமும் சேர்ந்தால், காயம்பட்ட காயில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் அழுகல் கிருமியும் கருப்புப் பூஞ்சாணமும் கிளம்பிவிடும்.

ஏமாற்றா, பயண அழுகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அழுகிய காயின் அடிப்பகுதியைப் பாருங்கள். வேர் பிடிக்கும் தட்டு பழுப்பேறி, அதில் வெள்ளைப் பூஞ்சாணம் படர்ந்திருந்தால் அது அடித்தாள் அழுகல். வயலிலிருந்தே வந்த நோய். எல்லா மூட்டையிலும் பரவலாக இருக்கும். அப்போது விற்றவரிடம் கேட்பதில் நியாயம் உண்டு. வேர்த்தட்டு உறுதியாக இருந்து, மேல்தோல் மட்டும் கொழகொழத்து, நடு மூட்டைகளில் அதிகமாகவும் ஓர மூட்டைகளில் குறைவாகவும் இருந்தால் அது வழியில் வந்த சூடு. பணம் கொடுக்கும் முன்பே இரண்டு மூட்டையைப் பிரித்து, பத்துக் காயைக் குறுக்கே வெட்டிப் பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகமே வராது.

விதை வெங்காயம் எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க:

• சலித்துக் கட்டியாகிவிட்டதா என்று முதல்நாள் மாலை கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். வலைச்சாக்கு அல்லது சணல் சாக்கை நீங்களே கொண்டுபோங்கள்.

• ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை, செல்போன் சார்ஜர் நான்கையும் கிளம்பும் முன் பாருங்கள். பழக்கமில்லாத குறுக்குவழியில் லோடோடு இறங்கும் முன் உள்ளூர் டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

• கூட ஓர் ஆள் வேண்டும். ஐம்பது கிலோ மூட்டை ஒற்றை ஆளின் வேலை அல்ல.

• வண்டித்தட்டில் மூங்கில் அல்லது கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் மூட்டைகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். தார்ப்பாயைச் சரக்கின்மேல் ஒட்டப் போடாமல் கழி கொடுத்துத் தூக்கிக் கட்டுங்கள். மழை விட்டதும் பக்கவாட்டில் அவிழ்த்துவிடுங்கள்.

• உச்சி வெயிலில் ஓட்டாமல் அதிகாலையிலோ மாலை சாய்ந்தோ சரக்கைக் கொண்டுவாருங்கள்.

• எந்த நேரம் வந்து சேர்ந்தாலும் அன்றே மூட்டையைப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள். ஈரமான காயை வெயிலில் கொட்ட வேண்டாம். அழுகியதைப் பொறுக்கிக் குழியில் புதையுங்கள். வயல் வரப்பில் வீசினால் நோயை நாமே விதைத்ததாகும்.

• நன்றாக உலர்ந்த பிறகு, நடும் முன் கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 5 கிராம், சூடோமோனாஸ் 5 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். 45 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இரு பக்கமும் 10 செ.மீ.க்கு ஒரு காய் நடலாம்.

ஆண்டுதோறும் இவ்வளவு பாரத்தைச் சுமந்து வருவது சிரமம் என்பவர்கள், விதை மூலம் நாற்றுவிட்டு நடக்கூடிய கோ 5 சின்ன வெங்காயத்தை யோசிக்கலாம். 600 கிலோ மூட்டைக்குப் பதிலாகக் கைப்பையில் அடங்கும் விதை போதும். நாற்றங்கால் வேலை மட்டும் கூடும்.

கேள்வி கேட்ட வாசகர் முதலில் வேர்த்தட்டைப் பார்க்கட்டும். அதன்பிறகு விற்றவருக்குப் போன் செய்யட்டும். மணப்பாறை விவசாயி இந்த வரிசையை மாற்றிச் செய்ததால்தான் ஒரே நாளில் இரண்டு முறை போன் செய்ய வேண்டியிருந்தது.