ஒரகடத்தில் சாப்பிட என்ன இருக்கிறது?

ஒரகடம் பக்கம் வாய்க்கு ருசியாக ஒன்றுமே கிடைப்பதில்லை என்பது இலக்கிய நண்பர்களின் நெடுநாள் முனகல். ஆந்திரா மெஸ், பரோட்டாக் கடை, இந்தியில் பலகை எழுதிய ரொட்டிக் கடை, கொரியர்களுக்கான உணவகம்: இதற்கெல்லாம் பண்பாடு என்று பெயரா என்கிறார்கள். ஆம், இதற்கும் அதுதான் பெயர் என்கிறோம் நாம்.

பெரும்பாணாற்றுப்படையைப் பாடம் நடத்துகிறவர்கள்தாமே நாம்? காஞ்சி இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயினர் குடியில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும், இடையரிடம் தினைச்சோறும் பாலும், நீர்ப்பெயற்றுப் பட்டினத்தில் கள்ளும் பன்றியிறைச்சியும். ஊருக்கு ஊர் உணவு மாறுவதைப் புலவர் குறையாகவா சொன்னார்? அதே தொண்டை நாட்டு வழியில் இன்று ஒடிசாக்காரர் ரொட்டி சுட்டால் முகம் சுளிக்கிறோம். (மீன் வறுவலுக்காக மாமல்லபுரம் வரை வண்டி ஓட்டுவோம், அது ரசனை!)

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. போட்டதைத் தின்றாக வேண்டியவருக்கு, ஷிப்ட் முடிந்தபின் தன் காசில், தான் விரும்பிய கடையில் உண்பது ஆடம்பரமன்று. அன்றைய நாளில் அவர் தாமே தேர்ந்த ஒன்று அது மட்டுமே. அதிலும், இரவு 10 மணிக்கு ஒரு பெண் தனியே, அச்சமின்றி உட்கார்ந்து தோசை தின்னக்கூடிய கடைகள் அந்தச் சாலையில் எத்தனை? ருசி பற்றிப் புலம்புவோர் முதலில் அந்தக் கணக்கை எடுக்கட்டும்.