கெண்டை மீனின் மூளையும் குஞ்சு வியாபாரமும்

மழைக்காலம் தொடங்கியதும், குளங்களில் மீன் வளர்க்கும் குடியானவர்கள் குஞ்சு பொரிப்பகங்களை நாடிச் செல்வது வழக்கமாகிவிட்டது. அங்கே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி இலட்சம் குஞ்சு என்ன விலை என்பதே. எந்தத் தாய்மீனின் குஞ்சு என்று கேட்பவர் மிக அரியர். ஊசி போட்டால் மீன் முட்டையிட்டுவிடுகிறது. தாய்மீனின் யோக்கியதையை விசாரிப்பானேன் என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணத்தினால் நஷ்டமடைபவர் குஞ்சு விற்பவரல்லர், வாங்குபவரே. ஊசி மருந்து மீனின் உடலில் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை அறிந்தால் இது நன்கு விளங்கும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் அவை செழிப்பாக வளரும்; பெண்மீனின் வயிற்றில் சினையும் திரளும். ஆயினும், வெள்ளப் பெருக்கின் புதுநீரும் ஓட்டமும் இல்லாத தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. திரண்ட சினை நாளடைவில் உடலிலேயே கரைந்து போகும். ஆகவே முற்காலத்தில் ஆறுகளில் வலை கட்டிக் குஞ்சு பிடித்தே குளங்களில் விட்டு வந்தனர். அதில் வேண்டாத மீன்களின் குஞ்சும் கலந்து வரும். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும், வேறு மீன்களின் தலையிலிருந்து எடுத்த பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தனர். அந்நாள் இந்தியாவில் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

சுரப்பிச் சாறு பலித்தது. ஆனால் குளத்து மீனின் சொந்தச் சுரப்பி ஏன் வாளாவிருக்கிறது? விடை மூளையில் இருக்கிறது. மூளையின் அடிப்பாகமாகிய ஹைப்போதலமஸிலிருந்து வரும் ஒரு ஹார்மோன், இனப்பெருக்க ஹார்மோனை வெளிவிடும்படி பிட்யூட்டரியை ஏவுகிறது. பன்றி, ஆடு ஆகியவற்றின் மூளையிலிருந்து அதைப் பிரித்து, பத்து அமினோ அமிலங்களால் ஆனதென்று 1971-இல் கண்டறிந்த ஷாலி, கியுமென் இருவரும் 1977-இல் நோபல் பரிசின் பங்கைப் பெற்றனர். பாலூட்டிகளில் இந்த ஏவல் சிறு இரத்தக் குழாய்களின் வழியே சுரப்பியை அடையும். எலும்பு மீன்களிலோ நரம்பு இழைகளே சுரப்பிக்குள் நேரே நுழைகின்றன.

இந்த ஹார்மோனை மட்டும் கெண்டைக்கு ஊசியாகப் போட்டால் போதிய பலன் கிட்டுவதில்லை. காரணத்தைக் கனடாவில் தங்க மீன்களை ஆராய்ந்த ரிச்சர்டு பீட்டர் குழுவினர் கண்டனர். ஏவும் நரம்புகளோடு வேறு சில நரம்புகளும் சுரப்பிக்குள் புகுந்து, டோப்பமின் என்னும் பொருளை வெளிவிட்டுத் தடுக்கின்றன. ஒருவன் மடையைத் திறக்க முயலும்போது மற்றொருவன் பலகையை அமுக்கிப் பிடித்திருப்பது போன்ற நிலை இது. சால்மன் மீனில் இத்தடை வலுவற்றது. கெண்டை இனத்தில் மிக வலுவானது. ஆகையால் ஏவலும் வேண்டும், தடை நீக்கமும் வேண்டும். இம்முறையைச் சீனத்துக் கெண்டைகளில் நிலைநாட்டிய லின், பீட்டர் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து ‘லின்பே’ முறை என்பர். குஞ்சு பொரிப்பகங்களில் வழங்கும் ஓவாப்ரிம் மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் சால்மன் ஹார்மோனை ஒத்த செயற்கைப் பொருள் 20 மைக்ரோகிராமும், டோம்பெரிடோன் 10 மில்லிகிராமும் உள்ளன. மனிதருக்கு வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் அதே டோம்பெரிடோன்தான் இங்கே டோப்பமினின் தடையை நீக்குகிறது. சுரப்பிச் சாற்றுக்குப் பெண்மீனை இருமுறை பிடித்து ஊசியிட வேண்டும். இதற்கு ஒருமுறை போதும்.

இதனால் விளைந்த அனுகூலம் பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இம்மருந்து செய்வதெல்லாம் மீனின் சுரப்பியில் சேர்ந்துள்ள ஹார்மோனை வெளியேறச் செய்வதே. அது சினையை உண்டாக்குவதன்று. சினைக்கு வேண்டிய மஞ்சட் கருவைப் பெண்மீன் பல மாதங்கள் தின்ற இரையைக் கொண்டே சேர்க்கிறது. நெருக்கமான குளத்தில் அரைவயிற்று இரையோடு கிடந்த மீனுக்கு எவ்வளவு மருந்து செலுத்தினும் நல்ல முட்டை கிடையாது. முதிராத மீன் முட்டையிடாது. பருவம் கடந்த மீன் இட்டாலும் பெரும்பகுதி கூழாகும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. ஒரு கிலோ எடையுள்ள பெண்மீன் இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டையிடும். எனவே சில ஜோடி மீன்களை வைத்துக்கொண்டே ஒருவர் ஒரு வட்டாரம் முழுவதற்கும் குஞ்சு விற்க முடிகிறது. அவர் அடுத்த தலைமுறைத் தாய்மீனையும் அக்குஞ்சுகளிலிருந்தே எடுப்பாராயின், உடன்பிறந்தவை தமக்குள்ளே கூடி இனம் மெலியும். இடமும் நேரமும் மிச்சமென்று கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் விடுவோரும் உளர். அதில் பிறக்கும் கலப்பினம் மலடன்று. அது மீண்டும் தாய்மீனாகச் சேர்ந்து இரு இனங்களையும் கெடுக்கும். குஞ்சுப் பருவத்தில் இவ்வேற்றுமையைக் கண்ணால் அறிவது கடினம். ஓராண்டு தவிடும் பிண்ணாக்கும் இட்டபின், மீன் வளரவில்லை என்று குடியானவர் குளத்து நீரையும் இரையையும் பழிப்பார். தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்வதன் பயனுக்கு, புவனேசுவரத்தில் நார்வே நிபுணர்களின் துணையோடு உருவாக்கி 1997-இல் வெளியிடப்பட்ட ‘ஜெயந்தி’ ரோகுவே சான்று.

தாய்மீன் குளத்தைத் தனியே பேணுவது செலவு மிக்கது, சிறு பொரிப்பகங்களால் தாங்க இயலாது என்று சொல்லப்படுகிறது. இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் பொரிப்பகங்கள் ஆண்மீன்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வதற்கும், எந்த மீன் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணக்குப் புத்தகம் எழுதுவதற்கும் பெருஞ்செலவில்லை. இலாகா உரிமம் வழங்குகையில், ஆண்டில் எத்தனை இலட்சம் குஞ்சு விற்றது என்பதைவிட அப்புத்தகத்தைப் பார்ப்பதே பொருத்தமாகும். குஞ்சு வாங்குவோரும் ஊசி போடும் நாளுக்குப் பல வாரங்கள் முன்னரே, சித்திரை மாதத்தில், தாய்மீன் குளத்தை நேரிற் சென்று பார்த்து, அங்கு என்ன இரை இடப்படுகிறதென்றும், ஒவ்வோரினமும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளதா என்றும் விசாரித்துக்கொள்ளலாம்.