வாசகன் பெயரால் வியாபாரமா?

"வாசகர்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்று பத்திரிகை முதலாளிகள் அன்று கூப்பாடு போட்டார்கள். இன்று கைப்பேசியில் தொடர்கதை விற்கிறவர்களும் அதே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். புதிதாக எழுத வரும் இளைஞனிடம், "கதை நன்றாயிருக்கிறது, முடிவை மட்டும் மாற்று, வாசகர் ஏற்கமாட்டார்" என்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: யார் அந்த வாசகர்? 1931 முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. குரோம்பேட்டைத் தோல் தொழிலாளியும் பல்லாவரத்துக் குமாஸ்தாவும் அதில்தான் கதை படித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். (காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர், படித்தவர் நாலு பேர்!) அவர்களிடம் போய் எந்த முதலாளி கேட்டான்? தன் கல்லாப்பெட்டியைக் கேட்டான். அது சொன்னதை வாசகர் குரல் என்று நம் தலையில் கட்டினான்.

1966-இல் நடந்ததைப் பாருங்கள். ஜனசக்தி அச்சகத்தில் வேலை பார்த்து வளர்ந்த ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்படுகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான், கற்புக் காவலர்கள் கொதித்தெழுந்தார்கள்! கண்டனங்கள் குவிந்தன.

ஆசிரியர் என்ன செய்தார்? கதையைத் திருத்தினாரா? வாசகன் முட்டாள் என்று வைதுவிட்டுப் போனாரா? இரண்டும் இல்லை. ஊர் கேட்ட முடிவையே கையில் எடுத்தார். தாய் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டியிருந்தால்? அந்தக் கங்காவின் கதைதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அடைக்கலம் தந்த மாமனே அவள்மீது கண் வைக்கிறான். அவள் வாழ்வு பாழாகிறது. நீங்கள் கேட்ட நியாயத்தின் விலை இது என்று வாசகன் முன்னால் கணக்கை விரித்து வைத்தார். 'ஏற்கமாட்டார்' என்று சொல்லப்பட்ட அதே வாசகர்தான் வாராவாரம் காத்திருந்து படித்தார். 1972-இல் சாகித்திய அகாதமிப் பரிசும் வந்தது. (அவருடைய பிற்கால அரசியலோடு நமக்குத் தகராறு உண்டு; அது வேறு கணக்கு.)

எவனுக்கும் புரியாமல் எழுதுவதே புதுமை என்று திரிகிற மேதாவிகளை விட்டுத் தள்ளுவோம். நம் பக்கத்திலும் ஒரு நோய் உண்டு. கடைசிப் பாராவில் செங்கொடி உயரும்; போராட்டம் வெல்லும்; கதை முடியும். இதுவும் அச்சில் வார்த்த சரக்குத்தானே? தாம்பரத்துக் குடிசையில் வாழ்ந்த ஜீவா, கம்பனையும் பாரதியையும் பாமர மக்களிடம் கொண்டு போனவர், 1959-இல் 'தாமரை'யைத் தொடங்கியது இதற்காகவா?

வேலைநிறுத்தம் தோற்ற மாதத்தில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, எரியாத நாளில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பல்லாவரத்துத் தொழிலாளிக்குத் தெரியும். இளம் எழுத்தாளர்களே, அதை எழுதிக் கொண்டுவாருங்கள். முடிவை மாற்றச் சொல்லமாட்டோம்.