ஆய்வின் பெயரால் சீனி உருண்டை

கொள்ளை நோயைவிட விரைவாகப் பரவுவது அதற்கு மருந்து கண்டுவிட்டோம் என்னும் செய்தி. 2020 ஜனவரி 29ஆம் நாள் இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு, கொரோனாவைத் தடுக்க ‘ஆர்செனிக்கம் ஆல்பம் 30’ என்னும் ஹோமியோபதி மருந்தை மூன்று நாள் வெறும் வயிற்றில் உட்கொள்ளுமாறு யோசனை கூறிற்று. இந்தியாவின் முதல் நோயாளி உறுதிசெய்யப்பட்டது மறுநாள்! நோயாளிக்கு முன்னரே மருந்து வந்துவிட்டது. யாரிடம் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இலங்கையும் பின்தங்கவில்லை. 2020 டிசம்பரில் கேகாலைப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். சுகாதார அமைச்சரே அதனை அருந்திக் காட்டினார். அடுத்த மாதம் அவரையும் நோய் பற்றிற்று.

‘30’ என்பதன் பொருள் என்ன? ஒரு பங்கு மருந்தை நூறு பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறாக்கி, இவ்வாறு முப்பது முறை செய்வது. நமது இரணைமடுக் குளம் நிறைந்திருக்கையில் ஒரு துளி விட்டுக் கலக்கினாலும், அக்கரைசல் எட்டாம் படியைத் தொடாது. பன்னிரண்டாம் படிக்கு அப்பால் மூல மருந்தின் ஓர் அணுத்திரள் எஞ்சுவதே அரிது. முப்பதாம் படியில் எஞ்சுவது சீனி. அதன்மேல் ஒட்டிய நம்பிக்கை.

“உண்டவர் பிழைத்தனரே” என்பர். கொரோனா கண்டவருள் மிகப் பெரும்பாலோர் எதனையும் உண்ணாமலே பிழைத்தனர். ஆகவேதான் நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட வேண்டியிருக்கிறது. பிரித்தானியாவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அவ்வாறு செய்த ஆய்வு, செயற்கைச் சுவாசத்திலிருந்தோரின் மரணத்தை டெக்ஸாமெதசோன் மூன்றிலொரு பங்கு குறைப்பதை 2020 ஜூனில் காட்டிற்று. அது பழைய மருந்து, மலிவான மருந்து. “எல்லாம் கம்பனிகளின் சூழ்ச்சி” என்போருக்கு இதுவே விடை. அதே ஆய்வு, நாட்டுத் தலைவர்கள் புகழ்ந்த ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினைப் பயனற்றதென ஒதுக்கிற்று. தோற்கவும் இடமளிப்பதே ஆய்வு. முடிவை முன்னரே அறிவித்துவிட்டுச் சான்று தேடுவது விளம்பரம்.

“நமது வைத்தியத்தைப் பழிக்கலாமா?” என்றொரு கேள்வி எழும். ஹோமியோபதி ஜெர்மானியர் ஹானிமன் வகுத்தது. வன்னி மண்ணில் முளைத்ததன்று. நமது நிலவேம்பாயினும் அந்நியச் சீனி உருண்டையாயினும் உரைகல் ஒன்றே. அவுஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிச் சபை 2015இல் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, ஹோமியோபதி பயனளிப்பதாக நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுமில்லை என்றது.

“தீங்கில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்பது பட்டணத்தவர் பேச்சு. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ மூச்சுத் திணறும் முதியவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி தொலைவிலுள்ளது. உருண்டையை நம்பிக் காத்திருக்கும் இரண்டு நாள் அவர் உயிரின் விலையாகலாம். 2009இல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிமீது எறிகணை விழுந்ததைக் கண்ட மக்கள், ஒரு கட்டிலின் பெறுமதியை எவரிடமும் கற்க வேண்டியதில்லை. அவர்களுக்கு உரியது ஒட்சிசன், அம்புலன்ஸ், தாதியர், தடுப்பூசி. இவற்றைக் கொடுக்க வேண்டிய அரசுகளுக்குச் சீனி உருண்டை மலிவான தப்புவழி.

ஏழையின் நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. அந்நம்பிக்கையை ஆய்வென்று முத்திரையிட்டு அவனிடமே திருப்பி விற்போரைக் கண்டிக்கிறோம். அடுத்த கொள்ளை நோய் வரும்போது, உருண்டையை நீட்டும் எவரிடமும் வன்னி மக்கள் முதலில் கேட்கட்டும்: ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு எங்கே?