மூன்று மணிக்கு நிற்கும் வீடு

அமெரிக்காவில் ஓய்வுபெற்றதும் மோட்டார் ஹோமில் ஊர் சுற்றக் கிளம்பும் தம்பதியர் ஏராளம். படுக்கையும் அடுப்பும் கூடவே வருவதால் ராத்திரியிலும் ஓட்டலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பழகியவர்களின் கணக்கு வேறு: நாளுக்கு 300 மைல் (சுமார் 480 கி.மீ.), பிற்பகல் 3 மணிக்குள் முகாம், அங்கே 3 நாள் தங்கல். காரில் போகிறவருக்கு இது சோம்பேறித்தனமாகப் படலாம். உயரமான பக்கச் சுவர்களில் காற்று மோத, நாள் முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினால் தோள்பட்டை தாங்குமா? பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் நிற்பதைச் சேர்த்தால், காலை 8 மணிக்குப் புறப்பட்டவருக்கே 300 மைல் போதும் போதும் என்றாகிவிடும்.

மூன்றில் முக்கியமானது மூன்று மணிதான். இருட்டியபின், களைத்த கண்களோடு, லாரி அளவு வண்டியைக் குறுகிய இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் மரக்கிளை கூரையைக் கிழிக்கிறது. பின்னால் நின்று டார்ச் அடிக்கும் மனைவி கண்ணாடியில் தெரிவதில்லை.