கணக்குக் கேட்பது குற்றமா?

"கட்டிய கணவரிடம் கணக்குக் கேட்பதா?" நம் வீடுகளில் பல காலமாக ஒலித்துவரும் கேள்வி இது. குடும்பம் நன்றாக நடக்கும்வரை இதனால் பெரிய நட்டம் எதுவும் தெரிவதில்லை. மணவாழ்க்கை முறியும்போதுதான் அதன் விலை தெரிகிறது. சென்ற ஆண்டு என் சித்தியின் வீட்டில் அதை நேரில் பார்த்தேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சித்திக்கு மணமாகி 19 ஆண்டுகள். உட்லண்ட்ஸில் நாலறை வீவக வீடு, இரண்டு பிள்ளைகள். சித்தப்பா வேலைக்குப் போனார். சித்தி வீட்டைக் கவனித்துக்கொண்டார். இருவரும் ஒப்புக்கொண்டு, யார்மீதும் பழி சுமத்தாமல் மணவிலக்குப் பெற 2024 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் வழி உண்டு. அவர்கள் அந்த வழியில்தான் சென்றார்கள். பிரிவதில் சண்டை இல்லை. ஆனால் வீடு, சேமிப்பு, பிள்ளைகளின் செலவு ஆகியவற்றில் உடன்பாடு வரவில்லை. எனவே நீதிமன்றத்தின் சமரசப் பேச்சுக்குத் தேதி குறிக்கப்பட்டது.

அதற்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, "சித்தி, உங்களுக்கு என்னென்ன சொத்து இருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உன் சித்தப்பாவுக்குத்தான்மா தெரியும். சம்பாதிக்காத எனக்கு என்ன பங்கு? பிள்ளைங்க போதும்" என்றார்.

முதலில் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. 19 ஆண்டு உறவை ரசீதுகளாக அடுக்குவது ஈரமில்லாத செயல் என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. சமரசம் என்பது இருவர் சமமாக உட்கார்ந்து பேசுவது. ஒருவருக்கு எல்லா எண்களும் தெரிந்து, மற்றவருக்கு எதுவுமே தெரியாவிட்டால் அது சமரசம் ஆகுமா? கணக்கைத் தெரிந்துகொண்டு போவது பேராசையும் அன்று, பழிவாங்கலும் அன்று. நியாயமான பேச்சுக்கு அதுவே முதல் படி என்பது என் கருத்து.

சித்தியின் சாப்பாட்டு மேசையில் வேலையைத் தொடங்கினோம். வங்கி அறிக்கைகள், காப்புறுதிப் பத்திரங்கள், வீட்டுக் கடன் பாக்கி, மத்திய சேம நிதி அறிக்கை, கடன் அட்டை பாக்கி என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். சித்தியின் சிங்பாஸ் கடவுச்சொல்லே அவருக்குத் தெரியவில்லை. அதைப் புதிதாக மாற்றுவதிலேயே முதல் நாள் போனது. சித்தப்பாவின் பெயரில் இருந்தவற்றின் விவரங்களை முறையாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. தம் சொத்து விவரங்களை மறைக்காமல் வெளியிடுவது இருவருக்கும் உள்ள கடமை.

எனக்குக் கண்திறந்தது வீட்டின் கணக்கில்தான். புரிந்துகொள்வதற்காக எளிய எண்களை எடுத்துக்கொண்டோம். வீடு 550,000 வெள்ளிக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கடன் பாக்கி 120,000. மீதம் 430,000. வீட்டுக்காகச் சித்தப்பா சேம நிதியிலிருந்து எடுத்த பணமும் அதற்குச் சேர்ந்த வட்டியும் 310,000 என்றால், விற்கும்போது அது அவருடைய சேம நிதிக் கணக்குக்கே திரும்பிப் போகும். ரொக்கமாக மிஞ்சுவது 120,000 மட்டுமே. "கைக்கு வரும் பணத்தில் பாதி" என்று சித்தி தலையாட்டியிருந்தால் 60,000 வெள்ளி. கடன் போக மீதமுள்ள மதிப்பில் பாதி என்றால் 215,000 வெள்ளி. இரண்டும் காதுக்குப் 'பாதி' என்றுதான் கேட்கும்! அதிலும் சேம நிதியிலிருந்து கிடைக்கும் பங்கு பெரும்பாலும் சித்தியின் சேம நிதிக் கணக்குக்குப் போகுமே தவிர, மறுநாள் வாடகை கட்ட உதவாது. இதை முன்கூட்டியே அறிந்தால்தான் எதைக் கேட்பது என்று முடிவெடுக்க முடியும்.

சம்பாதிக்காதவருக்குப் பங்கு இல்லை என்பதும் தவறு. சமைத்தது, பிள்ளை வளர்த்தது, நோயில் பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் மாதர் சாசனம் பங்களிப்பாகக் கருதுகிறது. ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்டகால மணவாழ்க்கையில் சமமாகப் பிரிப்பதை நோக்கியே நீதிமன்றங்கள் சாயும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் தெளிவுபடுத்தியது. சமூக மன்றத்தில் நடந்த இலவசச் சட்ட ஆலோசனையில் இதைக் கேட்டபோது சித்தி சிறிது நேரம் பேசவே இல்லை.

அடுத்து மாதச் செலவு. பிள்ளைகளுக்கு 1,200 வெள்ளி போதும் என்று சித்தி மனக்கணக்காகச் சொன்னார். மூன்று மாத ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் மாதம் 1,850 வந்தது. துணைப்பாட வகுப்பு, பல் மருத்துவம், பள்ளிக் காலணி எல்லாம் மனக்கணக்கில் விடுபட்டிருந்தன.

இந்த நேரத்தில் அக்கம்பக்கத்து ஆலோசனைகளுக்கும் குறைவில்லை. "கூட்டுக் கணக்குப் பணத்தை எடுத்துடு, நகையைத் தங்கச்சி வீட்டுல கொடுத்து வை" என்றார் ஒருவர். இது தவறு மட்டுமன்று, ஆபத்தும்கூட. மறைத்தவர் என்று தெரிந்தால் நீதிமன்றம் அதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம். தாய்வீட்டுச் சீதனமாக வந்த நகைகள் வேறு, மணவாழ்க்கையில் வாங்கிய நகைகள் வேறு என்று பிரித்து எழுதி, பட்டியலில் சேர்த்தோம்.

சமரச நாளன்று சித்தி ஒரு நீலநிறக் கோப்போடு போனார். கேள்விகளுக்கு அவரே பதில் சொன்னாராம். ரசீதுகளைப் பார்த்ததும் சித்தப்பாவும் செலவுத் தொகையை மறுக்கவில்லை. வீட்டை வைத்துக்கொள்ளத்தான் சித்திக்கு ஆசை. ஆனால் மாதத் தவணையைத் தம்மால் கட்ட முடியாது என்று கணக்கே அவருக்குச் சொல்லிவிட்டது. எனவே விற்கச் சம்மதித்து, இளையவனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடியும்வரை அங்கேயே இருக்கக் கேட்டார். கிடைத்தது. பங்கு எவ்வளவு என்பது அவர்கள் இருவருக்கும் உரிய செய்தி. குரல் உயராமல் பேசி முடித்தார்கள் என்பதே எனக்குப் பெரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடன்பாடு நீதிமன்ற ஆணையான பிறகு, சொத்துப் பிரிவினையை மீண்டும் திறப்பது மிகக் கடினம். சோர்வில் கையெழுத்திடக் கூடாது. சேம நிதியில் எழுதிவைத்த வாரிசு நியமனம் மணவிலக்கால் தானாக ரத்தாவதில்லை. அதையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, பல்கலைக்கழகத்தில் ஆயிரம் கணக்குகளைப் படிக்கிறோம். நம் அம்மாவுக்கு வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்று தெரியுமா? காப்புறுதிப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியுமா? பிரிவதற்காக அன்று, சேர்ந்து வாழும்போதே இருவரும் தெரிந்திருக்க வேண்டியவை இவை. இந்த வார இறுதியில் அம்மா, அப்பா இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். கணக்குக் கேட்பது குற்றமன்று. கேட்காமலேயே 19 ஆண்டுகள் கழிந்ததைத்தான் என் சித்தி இன்றும் சொல்லி வருந்துகிறார்.